உண்மைக் கணக்கு ஒன்றே

1904ஆம் ஆண்டில் நமது திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அன்று தொட்டு, ரொக்கப் புத்தகமும் பேரேடும் பாஸ் புத்தகமும் ஒத்திருக்கின்றனவா என்று காண்பதே தணிக்கையின் தலையாய கடமையாக இருந்து வருகிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. இனி அந்தக் கவலை இல்லை என நிர்வாகிகள் சிலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அண்மையில் திருத்தணி வட்டாரத்தில் ஒரு சங்கத்தைப் பார்வையிட்டோம். விவசாயி ஒருவர் கடனில் 5,000 ரூபாய் செலுத்தி ரசீது பெற்றிருந்தார். ஒரு மேஜையில் அத்தொகை பதிவாயிற்று. அடுத்த மேஜையில் அவர் கணக்கை முன்னரே திறந்து வைத்திருந்த குமாஸ்தா, தொலைபேசி எண்ணை மட்டும் திருத்திச் சேமித்தார். அவர் திரையிலிருந்ததோ பழைய நிலுவை. எண்ணோடு அதுவும் பதிவாகவே, செலுத்திய பணம் கணக்கில் மறைந்தது. புதுக் கடன் கேட்டபோது, தவணை தவறியவர் என்ற பெயர்தான் அவருக்குக் கிடைத்தது. ரசீது கையிலிருந்தமையால் தப்பினார்.

நெசவாளர் சங்கத்திலும் இது நேரக்கூடும். கிடங்கில் இருப்பது ஒரு சிப்பம் நூல். இரு திரைகளும் அதையே காட்டினால், இரு நெசவாளருக்கு வாக்களிக்கப்படும். ஒருவர் தறி நிற்கும்.

திரையில் திறக்கும் சாளரம் கணக்கன்று, கணக்கின் நிழலே. மூலக்கணக்கு ஓரிடத்தில்தான் இருத்தல் வேண்டும். அது மாறியவுடன் திறந்துள்ள சாளரங்கள் அனைத்திற்கும் செய்தி செல்ல வேண்டும். ஒரே கணினியின் சாளரங்கள் தமக்குள் செய்தி பரிமாறினால் போதாது. அடுத்த மேஜைக்கும் அது எட்ட வேண்டும். செய்தி தவறினும் காக்க வேறொரு வழியுண்டு. ஒவ்வொரு திருத்தத்திற்கும் கணக்கிற்கு ஒரு வரிசை எண் ஏறட்டும். திறந்தபோது கண்ட எண் சேமிக்கும்போது மாறியிருப்பின், இயந்திரம் பதிவை மறுத்து, மீண்டும் பார்க்கச் சொல்லட்டும். இவற்றினும் மேலாக, நிலுவையை நேரே திருத்தவே இடமளிக்கலாகாது. வரவையும் பற்றையும் தனித்தனியே எழுதி, நிலுவையை அவற்றிலிருந்து கூட்டிக் காண்பதே நம் முன்னோர் பேரேட்டு முறை.

இயந்திரம் மறுத்தால் வரிசை நீளும் என்பர் சிலர். வரிசையில் சிறிது நேரம் நிற்பது சிரமமே. கட்டிய பணத்திற்காக மாதக்கணக்கில் அலைவது அதனினும் கொடிது.

ஆகவே, நிர்வாகிகள் மென்பொருளை ஏற்குமுன் ஒரே கணக்கை இரு மேஜைகளில் திறந்து சோதித்துப் பார்ப்பாராக. அங்கத்தினர்களும் ரசீதைப் பேணி, பாஸ் புத்தகத்தை மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. சங்கம் நம்முடையது, அதன் கணக்கும் நம்முடையதே.