ஆதரவு, எதிர்ப்பு இரண்டையும் எழுதினால் நடுநிலை ஆகிவிடுமா? சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு எண்ணால் ரத்தான வாக்கெடுப்பு

சுவிட்சர்லாந்தில் மக்கள் வாக்களிக்கும் முன், அந்த விவகாரத்தின் ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம் இரண்டையும் ஒரே சிறு புத்தகத்தில் அச்சடித்து அரசே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. 2016-ல் அப்படி வந்த புத்தகத்தில் ஒரு எண் தப்பு. மூன்று ஆண்டுகள் கழித்து அது வாக்கெடுப்பையே கவிழ்த்தது. என்ன நடந்தது?

அது என்ன புத்தகம்?

சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு நான்கு முறை வரை நாடு தழுவிய வாக்கெடுப்பு நடக்கும். 18 மாதங்களில் 1 லட்சம் கையெழுத்து திரட்டினால், அரசியல் சாசனத்தையே திருத்தச் சொல்லி 'மக்கள் முன்மொழிவு' கொண்டுவரலாம்.

எதற்கு வாக்களிக்கிறோம் என்று மக்களுக்குப் புரிய வேண்டுமே? அதற்குத்தான் இந்தப் புத்தகம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என நான்கு மொழிகளில் வருகிறது. விளக்கம் சுருக்கமாக, ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும், முக்கியமான சிறுபான்மைத் தரப்புகளின் கருத்தும் இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். முன்மொழிவுக் குழு தன் வாதத்தைத் தானே எழுதித் தரும். அதில் அவதூறோ அப்பட்டமான பொய்யோ இருந்தால் திருத்தவோ நிராகரிக்கவோ அரசுக்கு அதிகாரம் உண்டு.

2016-ல் என்ன பிரச்சினை?

'திருமண அபராதம்' என்று அங்கே ஒரு சொல் உண்டு. சுவிட்சர்லாந்தில் கணவன், மனைவி வருமானத்தைக் கூட்டித்தான் வரி போடுவார்கள். வருமானம் கூடக் கூட வரி விகிதமும் ஏறும். ஆக, இருவரும் வேலைக்குப் போகும் தம்பதி, கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் ஜோடியைவிட அதிக வரி கட்ட வேண்டி வரலாம்.

இதை ஒழிக்கச் சொல்லி கிறிஸ்தவ ஜனநாயக மக்கள் கட்சி முன்மொழிவு கொண்டுவந்தது. ஆதரித்தவர்கள், "கல்யாணம் செய்ததற்குத் தண்டனையா?" என்று கேட்டார்கள். எதிர்த்தவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, அரசுக்கு வரி வருவாய் குறையும். இரண்டு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் சேர்வது என்று முன்மொழிவில் எழுதியிருப்பது தன்பாலினத் திருமணத்துக்குத் தடையாகும்.

இரண்டு பக்கமும் நியாயமான வாதங்கள்தான். 2016 பிப்ரவரி 28 அன்று மக்கள் வாக்களித்தார்கள். 50.8% பேர் 'வேண்டாம்' என்றார்கள். வித்தியாசம் சுமார் 55 ஆயிரம் வாக்குகள் மட்டுமே. மாநிலங்களைப் போன்ற 'கன்டோன்'களில் பெரும்பான்மை ஆதரவாகவே நின்றது. ஆனால் ஜெயிக்க இரண்டு பெரும்பான்மையும் வேண்டும்.

தப்பு எங்கே?

கூடுதல் வரியால் பாதிக்கப்படுவது வேலைக்குப் போகும் சுமார் 80 ஆயிரம் தம்பதிகள் என்று வாக்கெடுப்புக்கு முன் அரசு சொல்லியிருந்தது. 2018 ஜூனில் அதே அரசு கணக்கைத் திருத்தியது. உண்மையான எண்ணிக்கை சுமார் 4 லட்சத்து 54 ஆயிரம்! குழந்தை உள்ள தம்பதிகள் பழைய கணக்கில் விடுபட்டிருந்தார்கள்.

80 ஆயிரம் என்றால், 'சின்னப் பிரச்சினை, இதுக்குப் போய் சாசனத்தைத் திருத்தணுமா?' என்று தோன்றும். நாலரை லட்சம் என்றால் அதே கேள்வியின் எடையே வேறு. வாதங்களில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் தராசு சாய்ந்துவிட்டது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2019 ஏப்ரலில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பை ரத்து செய்தது. நவீன சுவிட்சர்லாந்து வரலாற்றில் நாடு தழுவிய வாக்கெடுப்பு ஒன்று ரத்தானது அதுவே முதல் முறை. தவறு பெரியது, வித்தியாசமோ மிகச் சிறியது. சரியான எண் தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பதுதான் காரணம்.

"மதிப்பீடு தவறுவது சகஜம்தானே, அதற்காக ஒவ்வொரு வாக்கெடுப்பையும் கிளறினால் எந்த முடிவுதான் நிலைக்கும்?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே முன்மொழிவு தோற்றதால் புதிதாக எதுவும் அமலுக்கு வரவில்லை. அதனால் முடிவை ரத்து செய்வதில் சட்டச் சிக்கல் குறைவாக இருந்தது.

மறுவாக்கெடுப்பு நடக்கவில்லை. 2020-ல் முன்மொழிவு வாபஸ் பெறப்பட்டது.

இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

இரு தரப்பையும் எழுதும் கட்டுரை என்றால், யாருக்கு எத்தனை வரி என்றுதான் முதலில் பார்க்கிறோம். அதைச் சரிசெய்வது சுலபம், ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். வாதங்களுக்கு அடியில் இருக்கும் எண் அப்படியில்லை. வரித் தரவு அரசு கையில் இருக்கும்போது, வாக்காளரால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

அதனால் 'இரு தரப்பும் இருக்கு, அப்போ சரிதான்' என்று நகர்வதற்கு முன் ஒன்று கேட்கலாம்: எத்தனை பேருக்குப் பாதிப்பு, அதை எண்ணியது யார், அந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் யார்? 2016-ல் விடுபட்டவர்கள், அபராதத்தை உண்மையில் கட்டிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான தம்பதிகள்.