வெள்ளிமலைக்கு டெல்லியில் என்ன வேலை?

கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, கங்கவல்லி, ஆத்தூர் மூன்றும் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. ரிஷிவந்தியமும் சங்கராபுரமும் மட்டுமே பொதுத் தொகுதிகள். ஆறில் நான்கு தனித் தொகுதிகளாக இருந்தும், மக்களவைக்கு இது பொதுத் தொகுதிதான். இதில் சட்டப் பிழை ஏதும் இல்லை. நாடு முழுவதும் பழங்குடியினருக்கு 47 மக்களவை இடங்கள் உண்டு. தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஒன்றுகூட அதில் வராது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். ஆகவே இத்தொகுதியின் கல்வராயன் மலைவாசிகளுக்காக டெல்லியில் யார் பேசினாலும் அவர் இன்னொரு சமூகத்தவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மலையின் கிழக்கே வெள்ளிமலையும் கரியாலூரும் கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரம் தொகுதி. மேற்கே கருமந்துறை சேலம் மாவட்டம், ஏற்காடு தொகுதி. ஒரே மலைக்கு இரண்டு ஆட்சியர்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள். இரு பக்கத்து மக்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அனுப்புகிற ஒரே ஆள் மக்களவை உறுப்பினர்தான்.

அந்த ஒரே ஆளிடம் நாம் கேட்பது என்ன? சாலை, பேருந்து, சமுதாயக்கூடம், உயர்கோபுர விளக்கு. தற்போதைய எல்லைகளோடு தொகுதி உருவான பின் 2009இல் ஆதிசங்கர், 2014இல் காமராஜ், 2019இல் கௌதம சிகாமணி, 2024இல் மலையரசன் என நான்கு தேர்தல்களில் நான்கு பேர் வென்றிருக்கிறார்கள். அவர்களில் யார் அதிகம் பேசினார், யார் குறைவாகப் பேசினார் என்று மதிப்பெண் போடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. பிரச்சினை அளவுகோலில் இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் பழங்குடியினர் பகுதிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் பங்கு 7.5 சதவீதம், அதாவது 37.5 லட்சம். மலையில் நல்ல சாலை போட இது எந்த மூலைக்கு? சாலையும் மருத்துவமனையும் மாநில அரசின் வேலை. அவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தால் மட்டுமே அல்லது நாடாளுமன்றத்தின் நெருக்குதலால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் எது என்று பார்த்து, அதைச் செய்தாரா என்று கேட்பதுதான் மக்களவை உறுப்பினரின் சமூகநீதிப் பணிக்குச் சரியான உரைகல். கல்வராயன் மலைக்கு அப்படி ஒரு காரியம் எழுபது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை, பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், இமாச்சலம் ஆகிய பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு சதுர அடி கிடையாது. இது வரலாற்றின் விபத்து. அன்றைய மெட்ராஸ் மாகாண நிலப்பரப்பில் இந்தப் பாதுகாப்பைப் பெற்றவை கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகள். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அவை அங்கே போய்விட்டன. கல்வராயன் மலையோ அப்போது ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976 வரை அப்படியே நீடித்தது. நாடு குடியரசாகிக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் வரியும் வெட்டியுமாக ஜாகீர் நடந்த மலையை, பாதுகாக்க வேண்டிய பகுதி என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அட்டவணைப் பகுதி என அறிவிக்க வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல்கள் நான்கு: பழங்குடியினர் பெரும்பான்மை, ஒட்டுமொத்தமான நிலப்பரப்பு, தனி நிர்வாக அலகு, சுற்றுவட்டாரத்தைவிடப் பின்தங்கிய நிலை. மலையாளிப் பழங்குடியினர் நிறைந்த கல்வராயன் மலை இன்று தனி வட்டம், தனி ஊராட்சி ஒன்றியம். எந்த அளவுகோலில் அது தோற்கும் என்று யாராவது சொல்லட்டும்.

அறிவிப்பு வந்தால் என்ன மாறும் என்பதற்குப் பிரிந்துபோன அந்த மலைகளே சாட்சி. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுக்க 1959இலேயே ஓர் ஒழுங்குமுறை வந்தது. 1970இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அதன் பலத்தில்தான் 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்குள்ள அரசு நிலத்தைக்கூடத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்றது. தமிழ்நாட்டில் அதற்கு இணையான தனிச்சட்டம் இல்லை. வனஉரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது. இங்கே 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்தது. எட்டு ஆண்டுகள் வீண். அதே சட்டம் சிறுவன மகசூலின் உடைமையையும் வனவாசிக்குத் தருகிறது. கல்வராயன் மலையில் அதற்குப் பெயர் கடுக்காய். காட்டில் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டித் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவருபவருக்கு அதன் விலையில் பேச்சுரிமை கிடைக்கும்போதுதான் அந்த உடைமைக்குப் பொருள் உண்டு. கீழே வாங்குபவர் சொல்வதே விலை என்றால், சட்டம் தந்தது வெறும் காகிதம். மலையில் வருமானம் போதாதபோதுதான் தரகர்கள் ஏறி வருகிறார்கள். மரவள்ளிக் கடனும் செம்மரக் கூலியும் அங்கிருந்து தொடங்குகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் செம்மரக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டு மலைகளையும் அவற்றின் அடிவாரங்களையும் சேர்ந்த கூலிகள் என்பதை இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க வேண்டாம்.

சாராயத்துக்கு வருவோம், கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுதினால் அதைத் தாண்டிப் போக முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் என்ற ஆலைச் சரக்கு. ஆனாலும் பேச்சு உடனே மலையேறியது: கல்வராயன் மலை என்றாலே ஊறல் பானை. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைவாசிகளின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பிழைப்பில்லாத இடத்தில் காய்ச்சுவது பிழைப்பாகிறது என்பதை நீதிபதிகள் காவல்துறையைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றே தோன்றுகிறது. இங்கே ஒரு சட்டக்கூறு நம் கவனத்துக்கு வராமலே இருக்கிறது. அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம், பெசா என்று அழைக்கப்படுவது, மதுவைத் தடைசெய்யவும் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் வழங்கச் சொல்கிறது. பூர்வகுடி ஊரே தன் எல்லைக்குள் சாராயத்தைத் தடுக்கலாம். தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி இல்லாததால் பெசா இங்கே செல்லாது. ஆகவே ரெய்டு, பானை உடைப்பு, ஜாமீன், மறுபடி பானை.

“தனி ஒரு உறுப்பினரால் என்ன செய்ய முடியும்? எதிர்க்கட்சி வரிசையில் இருந்தால் கேட்பவர் யார்?” என்பது முதல் மறுப்பு. பெசா சட்டமே ஒரு பதில். அது பிறந்தது, ஜாபுவாவிலிருந்து வந்த பழங்குடி மக்களவை உறுப்பினர் திலீப் சிங் பூரியா தலைமையிலான குழு 1995இல் அளித்த அறிக்கையிலிருந்து. இன்னொரு பதில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே நெருக்கமானது. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை தோறும் கூடும் திருநங்கையரின் உரிமைக்காக மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்த அவையில் பல பத்தாண்டுகளுக்குப் பின் தனிநபர் மசோதா ஒன்று கண்ட வெற்றி. விடுதலைக்குப் பிறகு சட்டமாகியிருக்கும் தனிநபர் மசோதாக்களே மொத்தம் 14தான், கடைசியாக 1970இல். சிவாவின் மசோதாவும் மக்களவையில் கரை சேரவில்லை. ஆனால் அரசு தன் மசோதாவைக் கொண்டுவரும் கட்டாயம் அதிலிருந்தே எழுந்தது. இடஒதுக்கீட்டை உதிர்த்துவிட்டு வந்த அந்த 2019 சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை; ஆனாலும் எதை உதிர்த்தார்கள் என்று இன்று சுட்டிக்காட்ட முடிவதற்கே சிவாவின் மசோதா தேவைப்படுகிறது. (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்ட அதே 2019 நவம்பர் 26 அன்றுதான் அந்தச் சட்டமும் மாநிலங்களவையைக் கடந்தது.)

இரண்டாவது மறுப்பு கனமானது. ஐந்தாவது அட்டவணை ஆளுநருக்கு அதிகாரம் கொடுக்கிறது; ஆளுநரோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளும் ஒரு மாநிலம், தானே போய் அவர் கையில் ஒரு மலையைக் கொடுக்குமா? இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவைக் கலந்து பேசாமல் ஆளுநர் ஒழுங்குமுறை எதையும் போட முடியாது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். பெசாவின் அதிகாரம் ஆளுநர் மாளிகைக்குப் போவதில்லை, கிராம சபைக்குப் போகிறது. அதற்கும் மேலாக, ஆளுநர் வேண்டாமென்றால் மாநிலச் சட்டமன்றமே நிலப் பாதுகாப்புக்கும் கிராம சபை அதிகாரத்துக்கும் தனிச்சட்டம் இயற்றலாம்; அதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. நாடாளுமன்றத்தில் எழும் கோரிக்கைக்கு அஞ்சியாவது சென்னை அதைச் செய்தால், உறுப்பினர் வென்றதாகவே நான் கொள்வேன். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் அட்டவணைப் பகுதி இருந்தும் மக்கள் விரட்டப்படவில்லையா என்பாரும் உண்டு. உண்மைதான். ஆனால் 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்றபோது, வேதாந்தா போன்ற நிறுவனமே பின்வாங்க நேர்ந்தது. சட்டம் இருந்தும் தோற்பவர் மறுபடி வழக்காடலாம். சட்டமே இல்லாதவருக்கு மனு எழுதும் உரிமை மட்டும்தான் மிஞ்சும்.

மசோதா பெரிய வேலை. கேள்வி சின்ன வேலை, ஆனால் அதில்தான் பெரும்பாலான உறுப்பினர்கள் கோட்டை விடுகிறார்கள். “தமிழ்நாட்டில் வனஉரிமைச் சட்டம் செயல்படுத்தப்படுகிறதா? விவரம் என்ன?” என்று கேட்டால், மாநில மொத்தக் கணக்கு ஒன்றைப் பிற்சேர்க்கையாக இணைத்து அமைச்சகம் கைகழுவிவிடும். அதையே இப்படிக் கேட்கலாம்: கல்வராயன்மலை வட்டத்திலும் கருமந்துறை அடங்கிய பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியத்திலும் எத்தனை கிராம சபைகள் வனஉரிமைக் குழு அமைத்துள்ளன? தனிநபர் மனுக்கள் எத்தனை, சமுதாய உரிமை மனுக்கள் எத்தனை? நிராகரித்தவற்றுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா? கடுக்காய் எடுப்பு உரிமை யாரிடம் இருக்கிறது? அமைச்சகத்திடம் இந்த விவரம் இருக்காது. மாநிலத்திடம் கேட்கும், மாநிலம் ஆட்சியரிடம் கேட்கும், ஆட்சியர் கோட்டாட்சியரிடமும் வன அலுவலரிடமும் கேட்பார். அந்தக் கேள்வித்தாள் வெள்ளிமலைக்கு வந்து சேரும் நாளில்தான் அங்குள்ள அலுவலகத்தில் கோப்பு திறக்கும். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது” என்ற பதில் வந்தால் அது அவைக்குத் தந்த உறுதிமொழி. அதைத் துரத்த ஒரு குழுவே இருக்கிறது. துரத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நரிக்குறவர் கதை போதும்: பழங்குடிப் பட்டியலில் சேர்க்க லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல், நாடாளுமன்றம் சேர்த்தது 2022 டிசம்பரில்.

கல்வராயன் மலைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதி எல்லைகளை மாற்றிப் போட அரசமைப்பு வழி வைத்திருக்கிறது. 2027 கணக்கெடுப்புக்கான ஏற்பாடுகளும் தொடங்கிவிட்டன. அந்தக் கோடுகள் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிமலையும் கருமந்துறையும் அடுத்த மக்களவையிலும் ஒரே உறுப்பினரிடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. இருப்பது இந்த மக்களவையின் மிச்சமுள்ள கூட்டத்தொடர்கள், அவற்றில் தனிநபர் மசோதாக்களுக்கான வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள்.