காட்டேரிக்கும் பசிக்கும் அல்லவா?



பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள் போன கோடை விடுமுறையில் தன் தோழர்களோடும் ஒரு புது விளையாட்டோடும் வந்து சேர்ந்தாள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் விளக்கை உயர்த்துகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ல் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்தது. கதை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. வில்லன் யார் என்று கேட்டேன். “இரத்தக் காட்டேரி!” என்றார்கள் ஒரே குரலில்.

அந்த 1974 ஆட்டத்தின் விதிப்படி, காட்டேரியின் ஓர் அடி பட்டால் வீரன் இரண்டு படிநிலை ஆற்றலை இழப்பான். முழுவதும் இழந்து மடிந்தால் அவனும் காட்டேரியாவான். ஒரு இயற்பியல் ஆசிரியனுக்கு இது பொறுக்குமா? பறிபோன ஆற்றல் எங்கே சென்றது? அது போகட்டும். ஒரு காட்டேரி மாதம் ஒருவரைக் கடித்து, கடிபட்டவரும் மறு மாதம் முதல் கடிக்கத் தொடங்கினால், 33 மாதங்களில் 859 கோடி காட்டேரிகள்! இன்றைய உலக மக்கள்தொகையையே இது மிஞ்சுகிறது. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கடிக்க ஆளில்லாமல் அவை பட்டினி கிடக்கும்.

கதைகளிலாவது காட்டேரி ஒழுங்காக இருந்ததா? பழைய கிராமத்துக் காட்டேரி உப்பிய, செந்நிற முகம் கொண்ட பிணம். 1819-ல் ஜான் பாலிடோரி அதைப் பிரபுவாக்கினார். 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். சூரிய ஒளியில் அழியும் வழக்கம் 1922-ல் வெளியான ‘நோஸ்பெராட்டு’ என்ற ஊமைப் படத்தில்தான் பிறந்தது. 1991-ல் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ என்ற ஆட்டத்தில் ஆடுபவரே காட்டேரியானார், தன் நிலையை எண்ணி வருந்தவும் செய்தார். (அதில் குருதிக்குக் கணக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

எனக்கு இந்தப் பிரபு வேண்டாம். காட்டேரியை மறுபடி விலங்காக்க வேண்டும் என்பதே என் கட்சி. விலங்கென்றால் அதற்குப் பசி இருக்கும். பசிக்குக் கணக்கு இருக்கும்.

கணக்கைப் போடுவோம். குருதியில் பெரும்பகுதி நீர்தான். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 200 கிராம் புரதம். அதிலிருந்து சுமார் 800 கிலோகலோரி கிடைக்கும். நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி செலவிடும் உடலுக்கு இரண்டரை லிட்டர் தேவை. மனித உடலில் இருப்பதோ சுமார் ஐந்து லிட்டர். ஆக, ஓர் ஆள் இரண்டு நாள் சாப்பாடு!

இப்படி வாழும் விலங்கு உண்மையிலேயே உண்டு. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை வாழும் குருதியுண்ணும் வௌவால் அது. ஐரோப்பியக் கதை இந்த வௌவாலிலிருந்து வரவில்லை. கதையிலிருந்துதான் வௌவாலுக்கு ஆங்கிலப் பெயர் போயிற்று. ஓர் இரவில் தன் எடையில் பாதியளவு குடிக்கும். அந்தப் பாரத்தோடு பறப்பது கடினம் என்பதால், குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நீரைச் சிறுநீராக வெளியேற்றத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் இறந்துபோகும். ஆகவே வயிறு நிறைந்த வௌவால், பட்டினி கிடக்கும் தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. கோஸ்டாரிக்காவில் ஜெரால்டு வில்கின்சன் கண்டறிந்து 1984-ல் வெளியிட்ட செய்தி இது.

என் காட்டேரிக்கு இவற்றையே விதிகளாக எழுதினேன். கடிபட்டவர் காட்டேரியாக மாட்டார். மூன்று இரவு இரையில்லையேல் அது சாகும். குகையில் அதன் துணையும் பசியோடு காத்திருக்கும். இரை உண்ட இடத்தில் தரை ஈரமாக இருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள்; ஆனால் அவர்களுக்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான்.

பசியுள்ள விலங்கு தடயம் விடும் என்பது சரி. தடயம் என்று நாம் நினைப்பது ஏமாற்றினால்? அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிடர் என்று ஓர் ஊர். அங்கே பிரவுன் குடும்பத்தில் தாயும் ஒரு மகளும் காசநோயால் இறந்தனர். 1892 ஜனவரியில் 19 வயது மெர்சியும் இறந்தாள். அவளுடைய சகோதரன் எட்வினும் நோயில் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவர்தான் அவன் உயிரைக் குடிக்கிறார் என்று ஊரார் நம்பி, மார்ச் மாதம் மூவர் உடலையும் பார்த்தார்கள். தாயும் அக்காளும் சிதைந்திருந்தார்கள். மெர்சியின் உடல் கெடவில்லை. இதயத்தில் இரத்தம் இருந்தது. போதாதா? இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அவனும் இறந்தான்.

மற்ற இருவரும் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மெர்சி இறந்தது இரண்டு மாதங்களுக்கு முன், கடுங்குளிரில். தரைக்கு மேல் கட்டிய கல்லறையில் உடலை வைத்திருந்தார்கள். அது குளிர்பதனப் பெட்டியேதான்! ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை என்பது உண்மை. இருந்தாலும் இருமுகிறவனிடமிருந்து மற்றவர்களையாவது காத்திருக்கலாம்.

எங்கள் ஆட்டத்தில் காட்டேரியும் இருந்தது, எக்ஸிடரைப் போன்ற ஒரு வீடும் இருந்தது. எது எது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகள் கல்லறையைத் திறந்தார்கள். கெடாத உடல்! ஒரு பையன் மரமுளையை ஓங்கிவிட்டான். பகடையும் கையில் தயார்.

“சித்தப்பா, இந்த அறை எவ்வளவு குளிரா இருக்கு?” என்றாள் அண்ணன் மகள்.

“நீ விடும் மூச்சு புகையாகத் தெரிகிறது” என்றேன்.

முளையைக் கீழே வைக்கச் சொன்னாள். பிறகு எல்லோரும் விளக்கைத் தாழ்த்தி, தரையில் ஈரம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள்.