இன்னொரு தடவை எழுதச் சொல்கிறவர்களுக்கு

தேர்வில் ஒருவனுக்கு மதிப்பெண் குறைந்தால் நம் ஆட்கள் "ஏன் குறைஞ்சது?" என்று கேட்பதில்லை. "எப்போ மறுபடி எழுதப் போறே?" என்றுதான் கேட்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்தவனிடம் இதையே கேட்டார்கள். ஐந்து வருடம் பொறியாளராக வேலை பார்த்துவிட்ட இருபத்தெட்டு வயதுக்காரனிடமும் இதையே கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள், மறுபடி எழுதுகிறவன் வீரன், எழுதாதவன் தோற்றவன் என்று ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

விஷயம் இவ்வளவுதான். எம்பிஏ சேர்வதற்காக ஜிமேட் எழுதினேன். வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம், வீடு கிள்ளானில். ஐந்து மாதம் கொமுட்டரில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று படித்தேன். 615 வந்தது. 205இல் தொடங்கி 805இல் முடிகிற அளவுகோல் அது. நான் விண்ணப்பிக்க நினைத்த பள்ளியில் சேர்ந்தவர்களின் சராசரி இதைவிட 30 புள்ளி அதிகம். அன்றிலிருந்து மாமா, சித்தப்பா, அலுவலகத்து அண்ணன் எல்லாருக்கும் ஒரே பாட்டு: "இன்னொரு வாட்டி எழுதுடா, கண்டிப்பா ஏறும்."

முதலில் அந்த அளவுகோலையே பார்த்துவிடுவோம். 1953இல் அமெரிக்காவில் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பேசி, அடுத்த வருடம் நடத்த ஆரம்பித்த தேர்வு இது. 2023 நவம்பரில் புது வடிவம் வந்தது. கட்டுரை போனது, வடிவியல் போனது, வாக்கியத் திருத்தம் போனது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தேர்வு 2 மணி 15 நிமிடமாகச் சுருங்கியது. பழைய 700க்கு இணை புதிய 645 என்று ஆனது.

வாக்கியத் திருத்தம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு பகுதியைக் கோடிட்டு, ஐந்து வடிவத்தில் எது சரி என்று கேட்பார்கள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, ஐந்து வருடம் மலாயில் இடைநிலைப்பள்ளி, பிறகு ஆங்கிலத்தில் பல்கலைக்கழகம் என்று வந்த நம் பிள்ளைகளைக் கவிழ்த்ததே அந்தப் பகுதிதான். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அதற்காகவே இரண்டு தடவை மறுபடி எழுதினார். "நமக்கு இங்கிலீஷ் அவ்ளோதான் தம்பி" என்று விட்டுவிட்டார். அவர் விட்ட இரண்டாவது வருடம் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். 2023இல் மேலாளருக்குத் தேவைப்பட்ட திறமை 2024இல் தேவையில்லாமல் போனதா? தேர்வை மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அளவுகோலை மாற்றுகிறவர்கள் வெட்கப்படவில்லை. அது காட்டிய எண்ணுக்காக அந்த அண்ணன் மட்டும் இன்றுவரை ஏன் வெட்கப்பட வேண்டும்?

எந்தக் கருவிக்கும் பிழை உண்டு. பழைய ஜிமேட்டின் மொத்த மதிப்பெண்ணில் 30 முதல் 40 புள்ளி வரை அளவீட்டுப் பிழை இருப்பதை நடத்துகிறவர்களே சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலையில் 30 பிழை காட்டும் கருவியை வைத்துக்கொண்டு, 30 வித்தியாசத்துக்காக ஒரு பாகத்தை நான் குப்பையில் போட்டால் சூப்பர்வைசர் என்னையும் சேர்த்துப் போட்டுவிடுவார். மனிதனை மட்டும் அப்படிப் போடலாமாம்.

இந்த 'மறுபடி எழுது' நமக்கு எங்கிருந்து வந்தது? மெட்ரிகுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் அதன் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீடு அப்படியே நின்றது. 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்ற அறிவிப்பு வந்ததே 2024இல்தான். அதுவரை இடம் கிடைக்காத பிள்ளையிடம் வீட்டில் என்ன சொன்னோம்? "இன்னும் ரெண்டு ஏ எடுத்திருக்கலாம்." கோட்டாவால் மூடிய கதவுக்கும் மதிப்பெண்தான் காரணம் என்று நம் பிள்ளைகளை நாமே நம்ப வைத்தோம். அரசியல்வாதியிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்டோம். அந்தப் பழக்கம்தான் வளர்ந்து, இன்று வணிகப் பள்ளித் தேர்வு வரைக்கும் கூடவே வருகிறது.

விடாமுயற்சிக்கு விலையும் உண்டு. ஜிமேட் ஒரு தடவை எழுத ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 16 நாள் இடைவெளி விட்டால் மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து தடவை வரை. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எதை அனுப்புவது என்று நாமே முடிவு செய்யலாம். மற்றது பள்ளிக்குத் தெரியாது. பிழை உள்ள கருவியில் ஐந்து தடவை அளந்து பெரிய எண்ணை மட்டும் காட்ட யாரால் முடியும்? பணம் இருக்கிறவனால். நாலு நம்பர் கடையில் ஐந்து சீட்டு வாங்குகிறவனை நாம் விடாமுயற்சிக்காரன் என்று சொல்வதில்லை.

அப்படியென்றால் யாருமே மறுபடி எழுதக் கூடாதா? எழுதலாம். ஜிமேட்டிலேயே ஒரு வகைக் கேள்வி இருக்கிறது. அதில் விடையைக் கேட்க மாட்டார்கள். கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். நம் மாமாக்களுக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம்தான் கிடைக்கும். தகவலே இல்லாமல் விடை சொல்கிறார்கள். போதுமான தகவல் என்றால் மூன்று.

ஒன்று, கூடுதல் மதிப்பெண் எந்தக் கதவைத் திறக்கும்? சிங்கப்பூரில் வளாகம் வைத்திருக்கும் இன்சியாட்டில் எம்பிஏ கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. 40 புள்ளி ஏறினால் உதவித்தொகை வரும் என்றால் தாராளமாக எழுதுங்கள், நானே கைகுலுக்குவேன். இரண்டு, இருக்கிற எண்ணோடு விண்ணப்பிக்க முடியாதா? வேலை அனுபவம், கட்டுரை, நேர்காணல் எல்லாவற்றையும் பார்க்கிற பள்ளிகள் நிறைய உண்டு. 2015இல் பேங்க் நெகாரா எம்ஐடி ஸ்லோனோடு சேர்ந்து தொடங்கிய ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. மூன்று, அந்த ஐந்து மாதத்தையும் பணத்தையும் வேறு யார் கேட்கிறார்கள்?

என் கணக்கில், நான் விண்ணப்பிக்கும் பள்ளி உதவித்தொகையை மதிப்பெண்ணோடு மட்டும் கட்டவில்லை. 615க்கு விண்ணப்பம் மூடவும் இல்லை. தங்கைக்கு அடுத்த செமஸ்டர் கட்டணம் இருக்கிறது. அதனால் 615ஓடுதான் விண்ணப்பிக்கிறேன். கிடைக்காமலும் போகலாம். அப்போதும் இந்தக் கணக்கு தப்பாகிவிடாது.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "நல்லதாப் போச்சு, எம்பிஏல்லாம் முதலாளி சமாச்சாரம் ப்ரோ" என்று தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டிக்கொடுப்பும் எனக்கு வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் நாம் தே தாரிக் குடித்தபடி கவிதை பேசுகிற சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது, 1960இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் அது தோட்டங்களை வாங்கியது. நிர்வாகம் நமக்கு அந்நியமான வித்தை இல்லை. அதைப் படிக்க ஆசைப்படுவதில் கேவலமும் இல்லை. அதற்கான நுழைவுத் தேர்வை நம் மானத்தின் அளவுகோலாக்குவதில்தான் கேவலம்.

அதனால் மறுபடி எழுதுவதும் எழுதாததும் உங்கள் பாடு. யாராவது உங்களிடம் "எப்போ மறுபடி எழுதப் போறே?" என்று கேட்டால், அந்த மூன்று கேள்வியையும் மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் வைத்திருந்தால் உட்கார்ந்து கேட்கலாம். இல்லையென்றால், "கட்டணத்த நீங்க கட்டுறீங்களா, மாமா?" என்று நாலாவதையும் கேட்டுவிடுங்கள்.