பட்டறைக்கு வரைபடம் கொடுங்கள்

கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடுகிற மினி டிராக்டரை எங்கள் பவானிப் பாசனப் பகுதியில் பார்ப்பது அரிது. வாழைக்கு ஆறடி, மரவள்ளிக்கு மூன்றடி, மஞ்சளுக்கு ஒன்றரை அடி என்று ஒரே தோட்டத்தில் மூன்று இடைவெளி வைத்திருக்கிறோம். கல்டிவேட்டரின் கொழுக்கள் துளை போட்ட இடத்தில்தான் நிற்கும். அதனால் புது வண்டி முதலில் போவது பட்டறைக்குத்தான்.

என் கல்டிவேட்டரில் துளைகளை விட்டுவிட்டு, கொழுக்களை யூ போல்ட்டில் பிடித்துக் கொடுத்தார் பட்டறை அண்ணன். ஒரு ஸ்பேனர் இருந்தால் பயிருக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளலாம். என் கால் கிளட்ச்சை முழுதாக மிதிக்கும்படி சீட்டை நாலு விரல் முன்னே தள்ளினார். சேலையோடு ஏற வசதியாகத் தாழ்வாக ஒரு படி வைத்தார். வண்டியை வடிவமைத்தவர்கள் என்னைப் போன்ற ஓட்டுநரை நினைத்துப் பார்க்கவில்லை; அண்ணன் பார்த்தார்.

இந்த வேலையைத் திருட்டு வேலைபோலப் பேசுவது தவறு. குஜராத்தின் அம்ரேலி மாவட்ட விவசாயி மன்சுக்பாய் ஜகானி, புல்லட் மோட்டார் சைக்கிளையே களையெடுக்கும், விதைக்கும் கருவியாக மாற்றினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. அந்த அறிவு நம் ஊர்ப் பட்டறைகளிலும் இருக்கிறது. அங்கே இல்லாதது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லித்தரும் ஆள்.

மருந்தடிக்க 200 லிட்டர் டிரம்மைப் பின்னால் மாட்டுகிறோம். சட்டம், பம்பு எல்லாம் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும். ஹைட்ராலிக் அதைத் தூக்கிவிடும். ஆனால் முக்கால் டன், ஒரு டன் எடையுள்ள சின்ன வண்டியில் முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். குறைந்தால் முன்னால் எடைக்கட்டி மாட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும்.

இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு இதைவிட ஆபத்தானது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. முந்தானையோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று எத்தனையோ வண்டிகளில் அதன் உறையைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். திறந்து மூடுகிற கீல் வைத்த உறை ஒன்றை எந்தப் பட்டறையும் செய்யும். அளவுதான் வேண்டும்.

கட்டை, வேர் இழுக்கச் சங்கிலியை, கருவியின் மேல் பக்கத்தைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுவது இன்னொரு பழக்கம். இழுவை பின் அச்சுக்கு மேலே போனால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். டிராக்டர் பொறியாளர் ஹாரி பெர்குசன், பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பை வடிவமைத்தபோது இழுவையைக் கீழ்க் கைகளுக்குக் கொடுத்ததன் பயன் இந்த ஆபத்தைத் தடுப்பதும்தான். அந்த இணைப்பில் வெல்டிங் வைக்கிறவருக்கு இதை யார் சொன்னார்கள்?

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புது டிராக்டர்களில் 1959இலேயே ஸ்வீடன் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாகிறவர்கள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பழைய டிராக்டர்களுக்கு மலிவான பாதுகாப்புச் சட்டகங்களை வடிவமைத்துச் சோதித்தது. இதைக் கண் அளவில் குழாயை வளைத்துச் செய்ய முடியாது. தப்பான இடத்தில் விழும் ஒரு வெல்டிங் இரும்பைப் பலவீனமாக்கிவிடும். அதனால்தான் சோதித்த வரைபடம் வேண்டும்.

நம்மிடம் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், மாவட்டந்தோறும் வேளாண்மைப் பொறியியல் துறை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீத மானியமும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பணம் கம்பெனி இயந்திரம் வாங்குவதோடு நின்றுவிடுகிறது. வாங்கிய பிறகு வண்டி என்ன ஆகிறது என்று கேட்பாரில்லை.

பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அது சரிதான். இன்ஜினையும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் யாரும் தொட வேண்டாம். ஆனால் பின்னால் மாட்டும் கருவி, எடைக்கட்டி, உறை, படி ஆகியவை தினமும் நடக்கிற வேலைகள். இவற்றுக்குத் தமிழில், மில்லிமீட்டர் அளவோடு, இரும்பின் கனம் குறித்த வரைபடங்களை வேளாண்மைப் பொறியியல் துறை வெளியிடட்டும். வட்டாரத்துக்கு ஒரு நாள் பட்டறைக்காரர்களை அழைத்துச் செய்து காட்டட்டும். கருவி மானியத்தில் ஒரு சிறு பங்கை, அந்த வரைபடப்படி செய்யும் உறைக்கும் எடைக்கட்டிக்கும் ஒதுக்கட்டும்.

தடை போட்டால் இந்த வேலை நிற்காது. பயிருக்குப் பயிர் இடைவெளி வேறுபடுகிறவரை பட்டறையும் இருக்கும். அந்த வெல்டிங்கைச் சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுப்பது அரசின் கடமை. உயிர் போன பிறகு கொடுக்கும் நிவாரணத்தைவிட அதற்குச் செலவும் குறைவு.