வண்டிக்கு அடித்த மருந்து

"வண்டிக்கு மருந்து அடிச்சாச்சு, பயப்படாம ஏறு." 2020இல் கொரோனா பரவியபோது ஒர்க்‌ஷாப்களில் மெக்கானிக் பையன்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். இன்றும் ஊரில் ஏதாவது வைரஸ் காய்ச்சல் என்றால் கை முதலில் ஸ்ப்ரேயரைத் தேடுகிறது. வேலை செய்கிறவனை இந்த நம்பிக்கை காப்பாற்றவில்லை, ஏமாற்றியது.

கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை இருக்கும் என்று 2020 மார்ச்சில் ஓர் ஆய்வக முடிவு வந்தது. அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளிலும் வைரஸ் 3 மணி நேரச் சோதனை முழுக்க உயிர்ப்போடு இருந்தது என்று அதே ஆய்வு சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னபோதும் ஸ்ப்ரேயரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பட்டறையில் நடப்பதைப் பாருங்கள்: காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று உரிமையாளர் வருகிறார். மெக்கானிக் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிறார். சத்தம் கேட்க வேண்டுமே என்று கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது. ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. பத்து நிமிடம் இருவருக்கும் ஒரே மூச்சு. ஸ்டியரிங்கில் அடித்த மருந்து இங்கே என்ன செய்யும்?

அடிக்கிறவனின் கதி இன்னும் மோசம். கதவு மூடிய வண்டிக்குள் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியைத் தெளித்தால் கண்ணும் தொண்டையும் எரியும். டாய்லெட் ஆசிட்டோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் மனிதர்கள் மேலேயே மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள். ஆள்மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் 18ஆம் தேதி சொல்ல வேண்டி வந்தது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறவைக்காய்ச்சல் காலத்தில் சோதனைச் சாவடியில் கோழி லாரியின் சக்கரத்துக்கு அடிப்பதில் நியாயம் உண்டு, எச்சத்தில் கிருமி ஒட்டி வரும். ஆம்புலன்ஸில் ரத்தமோ வாந்தியோ கிடந்தால் கையுறை போட்டு முதலில் துடைத்தெடுத்து, பிறகுதான் மருந்து போட வேண்டும். அழுக்கின் மேல் தெளித்தால் குளோரின் வீரியம் இழந்துவிடும்.

காய்ச்சலோடு வேலைக்கு வரும் பையனைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவருக்கு நோய் விடுப்பில் 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் அது கட்டாயமில்லை. நம் பட்டறைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். லீவு போட்டால் கூலி போகும் என்பதால் இருமிக்கொண்டே வருகிறான், பக்கத்தில் இருப்பவனுக்கும் கொடுக்கிறான்.

பட்டறை முதலாளிகளே, மருந்துக்குச் செலவழிக்கும் காசில் சோப்பும் நல்ல மாஸ்க்கும் வாங்கி வையுங்கள். காய்ச்சல் கண்டவனைக் கூலியோடு வீட்டுக்கு அனுப்புங்கள். வண்டி கொண்டுவருகிறவர்களே, சாவியைக் கொடுப்பதற்கு முன் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள்.