இயந்திரம் வாங்கலாம், வரிசையை யார் போடுவது?

பெங்களூரு பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் சட்டை தைக்கும் லைன் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அதன் கணக்கு எளிதில் பிடிபடும். காலர் ஒருவரிடம், கை ஒருவரிடம், பொத்தான் ஒருவரிடம். ஒரு முனையில் பண்டலாக நுழையும் துணி மறுமுனையில் சட்டையாக வெளியே வருகிறது. எங்கே தேங்குகிறது என்பது சூப்பர்வைசருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒரு முறை கடந்து போன துணி அதே தையல்காரரிடம் திரும்பி வருவதில்லை.

சிப் ஆலையில் திரும்பித் திரும்பி வரும். சிலிக்கான் தகட்டில் சுற்றுகளை அடுக்கடுக்காக எழுத வேண்டும் என்பதால், லித்தோகிராபி இயந்திரத்திடம் ஒரே தகடு முப்பது தடவைக்கு மேல்கூட வந்து நிற்கும். நேற்று ஆலைக்குள் நுழைந்த தகடும், இரண்டு மாதம் சுற்றிவிட்டு முடியப்போகும் தகடும் ஒரே இயந்திரத்தின் முன் காத்திருக்கும். யாரை முதலில் உள்ளே விடுவது?

குஜராத்தின் தோலேராவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து கட்டும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 91,000 கோடி ரூபாய், இலக்கு மாதம் 50,000 தகடுகள். பேச்செல்லாம் கோடியிலும் நானோமீட்டரிலும்தான் ஓடுகிறது. அந்த 50,000 என்ற எண்ணை எட்ட முடியுமா இல்லையா என்பதில் வரிசைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

உலையை எடுத்துக்கொள்வோம். ரசாயனத்தில் கழுவிய தகடுகள் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் உலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் மேற்பரப்பு கெட்டுவிடும், மறுபடி கழுவ வேண்டும், அல்லது தூக்கி எறிய வேண்டும். உலையோ ஒரே நேரத்தில் பல பெட்டிகளை விழுங்கக்கூடியது. ஒரு பெட்டியில் அதிகபட்சம் 25 தகடுகள். மூன்று பெட்டி வந்துவிட்டது, நான்காவது இன்னும் வரவில்லை. காத்திருந்தால் கழுவிய மூன்றும் கெடலாம். கதவை மூடினால் உலை முழுதாக நிறையாமல் பல மணி நேரம் ஓடும். ஆலை முழுக்க இப்படிப்பட்ட முடிவுகளை இரவும் பகலும் ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுப்பது மென்பொருள். கூரையில் தண்டவாளம் மாட்டி ஓடும் வண்டிகளுக்குக் கட்டளை போவதும் அங்கிருந்துதான். ஆலைக் கணினியும் இயந்திரமும் பேசிக்கொள்வதற்கென்றே உலகப் பொதுத் தரமொன்று இருக்கிறது. அதில் எஸ்1எஃப்1 என்ற செய்திக்குப் பொருள், ‘இருக்கிறாயா?’ அவ்வளவுதான்.

இந்தப் பேச்சுவார்த்தை நின்றால் என்ன ஆகும் என்று 2018 ஆகஸ்டில் டிஎஸ்எம்சி பார்த்தது. புதிதாக நிறுவிய ஒரு கருவியின் வழியாக வைரஸ் உள்ளே புகுந்தது. உலகின் மிகப் பெரிய ஒப்பந்த சிப் தயாரிப்பு நிறுவனத்தின் இயந்திரங்கள் சில நாள்கள் முடங்கின.

வைரஸ் எதற்கு, தப்பான விதி ஒன்றே போதும். சென்னை ஐஐடியில் 1973-இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற பி.ஆர். குமார், தாமஸ் சைட்மனுடன் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணிதமாகவே காட்டினார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வேலையை முடிக்கப் போதிய திறன் இருக்கிறது. ‘கையில் இருக்கும் வரிசையை முழுக்கத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் தொடு’ என்ற விதியும் பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில அமைப்புகளில் அந்த விதியே குவியலை முடிவில்லாமல் வளர்த்துக்கொண்டு போகும்! இயந்திரம் குறைவு என்று நினைத்துப் புதிது வாங்கக் கிளம்பும் நிர்வாகிகள் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது.

பெங்களூருவுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. தானியங்கி உற்பத்தி அமைப்புகளின் செயல்திறனைக் கணிப்பது பற்றி இந்திய அறிவியல் கழகத்தின் என். விஸ்வநாதமும் ஒய். நரஹரியும் 1992-இலேயே புத்தகம் எழுதிவிட்டார்கள். சிப் ஆலைக் கருவிகளைச் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் இரண்டும் இந்நகரில் பொறியாளர் மையங்கள் வைத்திருக்கின்றன. மூளை இங்கே வேலை செய்கிறது. அது எழுதுவதன் உரிமை கலிஃபோர்னியாவில் இருக்கிறது.

தொழில்நுட்பம் தரும் பங்காளி மென்பொருளையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுவாரே என்று கேட்கலாம். கொண்டுவரட்டும். முழு மென்பொருளையும் இங்கே புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆனால் விதிகளை அந்தந்த ஆலைக்கு ஏற்ப முறுக்குவதும் தளர்த்துவதும் உள்ளூர் வேலை. புதிய ஆலை ஆரம்பத்தில் ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி ஓட முடியாது. பலருடைய சின்னச் சின்ன ஆர்டர்களைக் கலந்துகட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வரிசை போடுவதில் ஆகக் கடினமான நிலை அதுதான்.

சிப் வடிவமைப்புக்கு அரசு சரியான காரியம் ஒன்றைச் செய்தது. பெங்களூரு சி-டாக்கில் உள்ள சிப்இன் மையம் வழியாக விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருளைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. மாணவர்கள் வரைந்த சில சிப்களை மொகாலியில் உள்ள அரசு ஆலையான எஸ்சிஎல் தயாரித்தும் கொடுத்தது. வரிசை விதிகளைப் பழகுவதற்கு அதே எஸ்சிஎல்லின் ஓட்டப் பதிவுகளையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இஸ்ரோவுக்குச் சிப் செய்யும் இடம், ரகசியம் வெளியேறும் என்ற தயக்கம் எழும். தயாரிப்பின் பெயரும் செய்முறையும் யாருக்கும் வேண்டாம். எந்த எண்ணுள்ள பெட்டி, எந்த எண்ணுள்ள இயந்திரத்தின் முன் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்ற பட்டியல் கிடைத்தால் ஆய்வைத் தொடங்கிவிடலாம்.